இடம் விட்டுப் பாடிய ஆல்பம்: டெம்பிள் ஆஃப் தி டாக், ஒரு நிகழ்வு ஆய்வு

‘ஹங்கர் ஸ்ட்ரைக்’ பாட்டை நான் முதலில் கேட்டது பேர்ல் ஜாம் என்ற அமெரிக்க ராக் குழுவின் பாட்டாகத்தான். கல்லூரி விடுதியில் எம்பி3 சிடிக்கள் கைமாறிக்கொண்டிருந்த காலம். ஒரு சிடியில் நூற்றைம்பது பாட்டு இருக்கும். யாரோ எங்கிருந்தோ இறக்கி, யாரோ பெயர் போட்டு, யாரோ ரைட் பண்ணிக் கொடுத்தது. அதில் பேர்ல் ஜாம் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் கடைசியில் இந்தப் பாட்டு. இரண்டு பேர் பாடுகிறார்கள் என்பதுகூட அப்போது எனக்குப் பிடிபடவில்லை. ஒரே ஆள்தான் பாதாளத்துக்கும் இறங்கி உச்சிக்கும் ஏறுகிறார் என்று நினைத்து, என்ன தொண்டையடா இது என்று வியந்துகொண்டிருந்தேன்.

பல வருடம் கழித்துத்தான் அந்தப் பாட்டு இருக்கும் ‘டெம்பிள் ஆஃப் தி டாக்’ முழு ஆல்பமும் கிடைத்தது. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசை மாற்றாமல் கேட்டேன். பத்துப் பாட்டு, ஐம்பத்தைந்து நிமிடம். அன்றிலிருந்து எனக்குள் ஒரு கேள்வி. பெரிய பெயர்கள் கூடிச் செய்த எத்தனையோ ஆல்பங்கள் வந்த வருடத்திலேயே பழசாகிவிடுகின்றன. 1991-ல் வந்த இது மட்டும் ஏன் இன்னும் ஈரம் காயாமல் இருக்கிறது? இந்த எழுத்து அந்தக் கேள்வியைத் தொடர்ந்து போனதுதான். எனக்குக் கிடைத்த பதிலை முன்பே சொல்லிவிடுகிறேன்: குழுவிலேயே பெரிய குரல் யாருக்கு இருந்ததோ, அவர் மற்றவர்களுக்கு இடம் விட்டார். ஆல்பத்தில் நல்லதாக எதைத் தொட்டாலும் அந்த இடத்தில்தான் போய் நிற்கிறது.

வுட் என்ற பையன்

அமெரிக்காவில், 1980களின் சியாட்டில் பெரிய நகரம்தான், ஆனால் அதன் ராக் வட்டம் சின்னது. எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். ஒரு குழு உடைந்தால் அதன் துண்டுகள் அடுத்த குழுவாக ஒட்டிக்கொள்ளும். கிரீன் ரிவர் என்ற குழு உடைந்தபோது கிடாரிஸ்ட் ஸ்டோன் கோசார்டும் பேஸ் வாசித்த ஜெஃப் அமென்டும் மதர் லவ் போன் என்ற புதுக் குழுவுக்கு வந்து சேர்ந்தார்கள். அதன் பாடகர் ஆண்ட்ரூ வுட்.

வுட் அந்த ஊரின் மற்ற பாடகர்களைப் போல இல்லை. அவர்கள் கட்டம் போட்ட சட்டையும் கலைந்த தலையுமாகத் தரையைப் பார்த்துப் பாடுவார்கள். இவர் முகத்தில் சாயம் பூசி, மினுமினுப்பு உடையில் வந்து நிற்பார். எதிரே நாற்பது பேர் இருந்தாலும் ஸ்டேடியம் நிறைய ஆள் இருப்பதுபோலக் கையை விரித்துப் பேசுவார். குவீன், கிஸ், எல்டன் ஜான் என்று அவர் மனசு முழுக்கப் பெரிய மேடைகள். அதில் ஒரு குழந்தைத்தனம் இருந்தது, அந்தக் குழந்தைத்தனத்தை எல்லோரும் நேசித்தார்கள்.

அதே காலத்தில் அவரோடு ஒரே வீட்டில் தங்கியிருந்தவர் கிறிஸ் கார்னெல், சவுண்ட்கார்டன் குழுவின் பாடகர். இருவரும் வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்து ஒருவருக்கொருவர் போட்டுக் காட்டுவார்கள். போட்டி என்றும் சொல்லலாம், பாசம் என்றும் சொல்லலாம்.

வுட்டுக்கு ஹெராயின் பழக்கம் இருந்தது. சிகிச்சைக்குப் போய் மீண்டு வந்தவர், மறுபடியும் அதில் விழுந்தார். மதர் லவ் போனின் முதல் முழு ஆல்பமான ‘ஆப்பிள்’ முடிந்து, வெளியீட்டுக்குக் காத்திருந்த சமயம். 1990 மார்ச் 16-ந் தேதி மயங்கிய நிலையில் அவரைக் கண்டெடுத்தார்கள். மருத்துவமனையில் மூன்று நாள். 19-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 24. ‘ஆப்பிள்’ ஜூலையில் வந்தது. பாடியவர் இல்லாமல், பாடியவரின் முதல் ஆல்பம்.

இரண்டு பாட்டு, ஒரு கேசட்

நண்பனை இழந்த கொஞ்ச நாளிலேயே கார்னெல் சவுண்ட்கார்டனோடு ஐரோப்பியப் பயணம் போக வேண்டியிருந்தது. தினம் ஒரு ஊர், தினம் ஒரு மேடை. துக்கத்தைப் பேசிக்கொள்ள அருகில் அந்த நண்பனைத் தெரிந்தவர்கள் குறைவு. அந்தப் பயணத்தில் இரண்டு பாட்டு எழுதினார்: ‘சே ஹலோ டு ஹெவன்’, ‘ரீச் டவுன்’.

நம் புறப்பாட்டில் கையறுநிலை என்று ஒரு துறை உண்டு. தலைவன் இறந்தபின் அவனோடு பழகிய புலவர் பாடுவது. செத்தவனின் வீரத்தை மட்டும் அதில் பட்டியல் போடுவதில்லை. அவன் எப்படி உட்கார்ந்தான், எதைக் கொடுத்தான், அவன் இல்லாத இந்த ஊர் எப்படி இருக்கிறது என்று சின்னச் சின்ன விஷயங்களில் துக்கம் வந்து தங்கும். கார்னெலின் இந்த இரண்டு பாட்டையும் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் துறைதான் நினைவுக்கு வருகிறது. இரண்டிலும் பெரும்பாலும் அவர் இறந்தவரைப் பார்த்து ‘நீ’ என்றே பேசுகிறார். கேட்கிற நமக்கு அவர் எதையும் விளக்குவதில்லை. செத்தவரின் பெயர்கூட இல்லை. நாம் பக்கத்து அறையில் நின்று ஒட்டுக்கேட்பதுபோல இருக்கிறது.

ஊர் திரும்பியதும் அந்தப் பாட்டுகளைக் கோசார்டிடமும் அமென்டிடமும் கொடுத்தார். வுட்டின் குழுவில் மிச்சமிருந்தவர்கள் அவர்கள்தான், பாட்டுகள் அவர்களிடம்தானே போய்ச் சேர வேண்டும். ஒரு சிங்கிளாகப் போடலாம் என்பதுதான் முதல் எண்ணம். பேசப் பேச அது ஆல்பமாக வளர்ந்தது. டிரம்ஸுக்குச் சவுண்ட்கார்டனின் மேட் கேமரான். லீட் கிடாருக்கு, கோசார்டோடு அப்போது பயிற்சி செய்துகொண்டிருந்த மைக் மெக்ரெடி. கார்னெல் முன்பே எழுதி வைத்திருந்த சில பாட்டுகளும் கோசார்டின் டெமோக்களில், அதாவது மாதிரிப் பதிவுகளில், இருந்த மெட்டுகளும் சேர்ந்தன. வுட் தனியாக எழுதி வைத்திருந்த பாட்டுகளைப் பாடலாமா என்ற யோசனையும் வந்தது. செத்தவனின் சொத்தை எடுத்துப் பிழைக்கிறார்கள் என்று அவருக்கு நெருக்கமானவர்களே நினைக்கக்கூடும் என்று அதை உடனே கைவிட்டார்கள். எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடிய இடம் இது. பெயரை மட்டும் வுட்டிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். ‘ஆப்பிள்’ ஆல்பத்தில் ‘மேன் ஆஃப் கோல்டன் வேர்ட்ஸ்’ என்ற பாட்டில் அவர் எழுதிய ஒரு சொற்றொடர்தான் டெம்பிள் ஆஃப் தி டாக்.

அப்புறம் ஆறாவது ஆள். கோசார்டும் அமென்டும் மெக்ரெடியும் தங்கள் புதுக் குழுவுக்குப் பாடகர் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் டெமோ கேசட் கைமாறி, சான் டியேகோவில் இரவு நேரம் பெட்ரோல் பங்கில் வேலை பார்த்துவந்த எடி வெடர் என்ற இளைஞரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் அதன்மேல் பாடி அனுப்பினார். 1990 அக்டோபரில் சியாட்டிலுக்கு வந்தார். பின்னாளில் பேர்ல் ஜாம் ஆகப்போகும் குழு அது. அவர் வந்து இறங்கிய நேரத்தில்தான் டெம்பிள் ஆஃப் தி டாக் ஒத்திகையும் நடந்துகொண்டிருந்தது. ஊருக்குப் புதுசு, கூச்ச சுபாவம், ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பதினைந்து நாள்

பதிவு நடந்தது சியாட்டிலை ஒட்டி வடக்கே இருக்கும் லண்டன் பிரிட்ஜ் ஸ்டுடியோவில், 1990 நவம்பரிலும் டிசம்பரிலும். மொத்தம் 15 நாள். குழுவோடு சேர்ந்து தயாரித்தவர் ரிக் பராஷர். பெயரைப் பார்த்ததும் நம்மில் யாருக்கும் ஒரு நொடி கண் நிற்கும். இந்திய வம்சாவளிக்காரர், அந்த ஸ்டுடியோவைத் தன் சகோதரரோடு சேர்ந்து உருவாக்கியவர். அடுத்த சில மாதத்தில் பேர்ல் ஜாமின் ‘டென்’ ஆல்பத்தையும் அதே இடத்தில் அவர்தான் பதிவு செய்தார். இந்த ஆல்பத்தில் கேட்கும் பியானோவும் ஆர்கனும் அவர் கையால் வாசித்தவை. சியாட்டில் இசையின் வரலாற்றைச் சொல்பவர்கள் இவரை ஒரு வரியில் தாண்டிப் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். 2014-ல் காலமானார்.

பதினைந்து நாள் என்பதைக் காதால் கேட்க முடிகிறது. கிடார்கள் ஒரே அறையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசித்ததுபோல ஒலிக்கின்றன. சில இடங்களில் தாளம் மூச்சு வாங்குகிறது. அழகுபடுத்த நேரம் இல்லை. அழகுபடுத்த வேண்டும் என்ற ஆசையும் அவர்களுக்கு இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஏனென்றால் யாரும் காத்திருக்கவில்லை. ஹிட் கொடு என்று கேட்க ஆள் இல்லை.

‘ரீச் டவுன்’: பதினோரு நிமிடம்

ஆல்பத்தின் முதல் பாட்டு ‘சே ஹலோ டு ஹெவன்’. மெதுவாக, கிட்டத்தட்ட தாலாட்டுபோலத் தொடங்கி, கார்னெலின் குரல் மேலே மேலே போய்க் கடைசியில் கதறலாக உடைகிறது. பலருக்கு இதுதான் ஆல்பத்தின் உச்சம். எனக்கும் பல நாள் அப்படித்தான் இருந்தது.

இப்போது நான் திரும்பத் திரும்பப் போவது இரண்டாவது பாட்டுக்கு. 11 நிமிடம் 11 நொடி. முதல் தடவை கேட்பவர் பொறுமை இழப்பார், நானும் இழந்தேன். தடித்த ஒரு ரிஃப், திரும்பத் திரும்ப வரும் கிடார் வரி, மாடு வண்டி இழுப்பதுபோல நிதானமாக நடக்கிறது. கார்னெல் ஒரு கனவைச் சொல்கிறார். கனவில் நண்பன் வருகிறான். நீளமான வெள்ளைத் தோல் கோட்டு, ஊதாக் கண்ணாடி, தலைமுடியில் மினுமினுப்புத் துகள். இறந்தவர்களைப் பற்றிய பாட்டுகளில் ஒளிவட்டமும் சிறகும் பார்த்துப் பழகிய நமக்கு இந்தக் கோட்டும் கண்ணாடியும் நெஞ்சில் குத்துகின்றன. வுட் மேடையில் எப்படி நின்றாரோ அப்படியே வருகிறார். கூட்டத்தைக் கை நீட்டித் தூக்குகிறவராக வருகிறார். அவர் வாழ்ந்த காலத்தில் அப்படி ஒரு கூட்டம் அவருக்கு வாய்க்கவே இல்லை. நண்பன் ஆசைப்பட்ட ஸ்டேடியத்தைக் கார்னெல் பாட்டுக்குள் கட்டிக் கொடுக்கிறார்.

பிறகு அவர் விலகிக்கொள்கிறார். கிடார் சோலோ தொடங்குகிறது, ஐந்து நிமிடம் போல நீள்கிறது. வாசிப்பவர் மைக் மெக்ரெடி. அன்றைக்கு அவரை யாருக்கும் தெரியாது. பெரிய ஸ்டுடியோவில் வாசித்து அனுபவம் இல்லாதவர். முதலில் தயங்கித் தயங்கிச் சின்னதாக வாசித்திருக்கிறார். கார்னெல்தான் இது உன் நேரம், இன்னும் போ என்று தள்ளிவிட்டார். வாசித்துக்கொண்டிருக்கும்போதே காதிலிருந்து ஹெட்ஃபோன் நழுவி விழுந்துவிட்டதாம். மற்றவர்கள் வாசிப்பது சரியாகக் கேட்காத நிலையிலும் அவர் நிறுத்தவில்லை.

அதைத் தெரிந்துகொண்டபின் அந்தச் சோலோவைக் கேட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் ப்ளூஸ் பாடத்தை ஒழுங்காக ஒப்பிப்பதுபோல இருக்கிறது. நடுவில் ஏதோ ஒன்று அவிழ்கிறது. கை எங்கே போகிறது என்று கைக்கே தெரியாததுபோல நோட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன, தவறிப் போய்த் திரும்பி வருகின்றன. கீழே கேமரான் டிரம்ஸில் அவரைக் கைவிடாமல் தாங்கிக்கொண்டே வருகிறார். எழவு வீட்டில் அழுகையை அடக்கிக்கொண்டு வேலை பார்த்த ஆள் திடீரென்று ஒரு மூலையில் உடைந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றி நிற்பவர்கள் தடுக்க மாட்டார்கள், அழட்டும் என்று விட்டுவிடுவார்கள். அந்த ஐந்து நிமிடம் அதுதான்.

கார்னெலின் குரல் எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். அந்தக் காலத்து ராக்கில் அவ்வளவு வீச்சுள்ள தொண்டை மிகச் சிலருக்கே. தன் நண்பனுக்காகத் தான் எழுதிய பாட்டின் சரிபாதியை, பெயர் தெரியாத ஒரு கிடார்ப் பையனிடம் கொடுத்துவிட்டு நிற்கிறார். கடைசியில் திரும்பி வரும்போதும் தனியாக வரவில்லை. குரல்மேல் குரல் அடுக்கி, தேவாலயக் கூட்டுப் பாட்டுபோல வருகிறது அந்த முடிவு.

‘ஹங்கர் ஸ்ட்ரைக்’ எப்படி இருவர் பாட்டானது

ஆல்பத்துக்கு ஒன்பது பாட்டு தேறியிருந்தது. பத்து என்று முழு எண்ணாக இருக்கட்டும் என்று கார்னெல் இதைச் சேர்த்தார். ஒரே ஒரு சரணம்தான் எழுதியிருந்தார். இல்லாதவன் தட்டிலிருந்து எடுத்து நான் சாப்பிட மாட்டேன், பட்டினி கிடப்பேன் என்பதுதான் பாட்டின் பொருள். வுட்டின் மரணத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

ஒத்திகையில் கார்னெல் கீழ்ச் சுருதியையும் மேல் சுருதியையும் மாறி மாறித் தானே பாடிப் பார்த்துத் திண்டாடிக்கொண்டிருந்தார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த வெடர் எழுந்து மைக் பக்கம் வந்தார். கீழ்ப் பகுதியை அவர் பாடினார். அவ்வளவுதான். பாட்டு முடிந்தது. அதாவது, பாட்டு அப்போதுதான் ஆரம்பித்தது.

முதல் சரணத்தைக் கார்னெல் பாடுகிறார். அதே சரணத்தை, சொல் மாறாமல், வெடர் மறுபடி பாடுகிறார். புதுசாக எழுத வரிகள் இல்லாததால் நேர்ந்தது இது. ஆனால் ஒரே சொற்கள் இரண்டு தொண்டையில் இரண்டு அர்த்தம் கொடுக்கின்றன. கார்னெல் பாடும்போது அது ஒரு சபதம். வெடரின் அந்தக் கனத்த, அடிவயிற்றுக் குரலில் அது பசியை ஏற்கெனவே பார்த்த ஒருவனின் வாக்குமூலம்போல இருக்கிறது. பிறகு பல்லவியில் வெடர் கீழே தரையாகப் பரவ, கார்னெல் அவர் தோளில் ஏறி நின்று மேலே கூவுகிறார். விடுதியில் ஒரே ஆள் என்று நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான்.

சியாட்டிலுக்கு வந்து சில வாரமே ஆன, ஒரு பாட்டுகூட வெளிவராத ஒருவருக்குத் தன் பாட்டில் பாதியைக் கொடுப்பது சின்ன விஷயமா? வெடரின் குரல் உலகத்துக்கு முதலில் அறிமுகமானது இந்த ஆல்பத்தில், இப்படித்தான்.

மற்ற பாட்டுகள்

எல்லாமே உச்சம் என்று சொல்ல மாட்டேன். ‘யுவர் சேவியர்’ எனக்கு ஒட்டவில்லை. அந்த ஃபங்க் குதிப்பு ஆல்பத்தின் மனநிலைக்கு வெளியே நிற்கிறது. ‘புஷின் ஃபார்வர்ட் பேக்’ நல்ல ரிஃப், அதற்குமேல் நினைவில் தங்குவதில்லை. ‘வுடன் ஜீசஸ்’ மதத்தைக் கடையில் வைத்து விற்பவர்கள்மேல் கோபம். கோபம் நியாயம்தான், மெட்டு சுமார். ‘ஃபோர் வால்டு வேர்ல்டு’ கிட்டத்தட்ட ஏழு நிமிடம், ஐந்தில் முடித்திருக்கலாம். ‘கால் மீ எ டாக்’ மட்டும் வேறு. வாங்கிய அடியையெல்லாம் ஒப்புக்கொண்டு நிற்பவனின் பாட்டு, கார்னெல் அடக்கி வாசிக்கிறார். அந்த அடக்கம் அவருக்கு அழகாக இருக்கிறது.

‘டைம்ஸ் ஆஃப் ட்ரபிள்’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மெட்டு கோசார்டுடையது. வெடருக்குப் போன அதே டெமோ கேசட்டில் இருந்த மெட்டு. வெடர் அதன்மேல் வேறு பாட்டு எழுதினார். சிறையில் இருக்கும் ஒரு கொலைகாரன் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும் ‘ஃபுட்ஸ்டெப்ஸ்’. அது பேர்ல் ஜாமின் ‘ஜெரமி’ சிங்கிளின் மறுபக்கத்தில் வந்தது. கார்னெலோ அதே மெட்டில், ஊசியின் பிடியில் இருக்கும் நண்பனிடம் கொஞ்சம் பொறுத்துக்கொள், இந்தக் காலம் போய்விடும் என்று சொல்கிறார். நடுவில் அவரே ஹார்மோனிகா வாசிக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே வீட்டில் இரண்டு குடும்பம் வாழ்வதைப் பார்ப்பதுபோல இருக்கிறது. இரண்டில் எது மேல் என்று கேட்டால், வெடருடையதுதான் கதையாக இறுக்கமானது. ஆனால் வுட்டுக்கு யாராவது நேரத்தோடு சொல்லியிருக்க வேண்டிய சொற்கள் கார்னெலுடையதில் இருக்கின்றன. தாமதமாகச் சொல்லப்பட்டவை என்பதே அந்தப் பாட்டின் வலி.

கடைசிப் பாட்டு ‘ஆல் நைட் திங்’. ஆர்கனும் மெல்லிய தாளமும் மட்டும். ஒரு இரவு, ஒரு பெண், போவாளா இருப்பாளா என்ற தயக்கம். அழுது முடித்தபின் யாரோ கொடுத்த காபியைக் குடிப்பதுபோல ஒரு அமைதி. இதைக் கடைசியில் வைத்தவருக்கு நல்ல காது.

வந்ததும் விற்றதும்

1991 ஏப்ரல் 16-ந் தேதி ஏ அண்ட் எம் ரெக்கார்ட்ஸ் ஆல்பத்தை வெளியிட்டது. விமர்சனங்கள் பரவாயில்லை. அமெரிக்காவில் முதல் சுற்றில் எழுபதாயிரம் பிரதி போல விற்று ஓய்ந்தது. அந்த வருடம் ஆகஸ்டில் பேர்ல் ஜாமின் ‘டென்’, செப்டம்பரில் நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’, அடுத்து சவுண்ட்கார்டனின் ‘பேட்மோட்டார்ஃபிங்கர்’ வந்தன. சில மாதத்தில் சியாட்டிலே உலகத்தின் நடுவில் இருந்தது.

1992-ல் கம்பெனிக்குத் தன் அலமாரியில் இருப்பது என்ன என்று புரிந்தது. சவுண்ட்கார்டனும் பேர்ல் ஜாமும் சேர்ந்து பாடிய ஆல்பம்! டிஸ்கவரி பார்க்கின் கலங்கரை விளக்கம் பக்கம் எடுத்திருந்த ‘ஹங்கர் ஸ்ட்ரைக்’ வீடியோ எம்டிவியில் ஓயாமல் ஓடியது. ஆல்பம் பில்போர்டு 200 பட்டியலில் ஐந்தாம் இடம் வரை ஏறியது, பத்து லட்சத்தைத் தாண்டியது. சூப்பர்குரூப் என்ற சொல் இதன்மேல் ஒட்டப்பட்டதும் அப்போதுதான்.

அந்தச் சொல்லை நான் மறுக்கிறேன். சூப்பர்குரூப் என்றால் ஏற்கெனவே புகழ்பெற்றவர்கள் கூடுவது. 2001-ல் இதே கார்னெல் ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் என்ற குழுவின் ஆட்களோடு ஆடியோஸ்லேவ் ஆரம்பித்தாரே, அதைச் சொல்லலாம். அந்த முதல் ஆல்பத்தில் நல்ல பாட்டுகள் உண்டு, ஆனால் நாலு பேரும் தங்கள் பெயருக்கு நியாயம் செய்ய வேண்டிய கட்டாயம் ஒவ்வொரு பாட்டிலும் தெரிகிறது. டாம் மொரெல்லோவின் கிடார் வித்தை வர வேண்டிய இடத்தில் வந்தே தீரும், கார்னெல் கத்த வேண்டிய இடத்தில் கத்தியே தீருவார். 1990 நவம்பரில் லண்டன் பிரிட்ஜில் கூடிய ஆறு பேரில் வெளியூர்க்காரனுக்கும் தெரிந்த பெயர் என்றால் சவுண்ட்கார்டன்காரர்கள் இருவர். இருவர் குழுவையும் பாடகனையும் இழந்தவர்கள். இருவர் யாருக்கும் தெரியாதவர்கள். காப்பாற்றப் பெயர் இல்லாதவர்களால் இடம் விட முடிந்தது.

கம்பெனி விற்றதில் எனக்குப் புகார் இல்லை. விற்காமல் போயிருந்தால் அந்த விடுதி சிடிக்குள் இந்தப் பாட்டு வந்திருக்காது. ஆனால் விற்ற விதத்தில் ஆல்பத்தின் நடுவில் இருந்த ஆள் காணாமல் போனார். ‘ஹங்கர் ஸ்ட்ரைக்’ தெரிந்த பத்துப் பேரிடம் ஆண்ட்ரூ வுட் யார் என்று கேட்டுப் பாருங்கள். என் ஃபோல்டரில் இருந்த தப்பான பெயரை ஒரு மாணவன் மட்டும் போடவில்லை, முழுச் சந்தையும் சேர்ந்துதான் போட்டது.

மறுபதிப்பு, மறுபடி ஒரு மரணம்

2016-ல் இருபத்தைந்தாம் ஆண்டுப் பதிப்பு வந்தது. பிரெண்டன் ஓ’பிரையன் புதிதாக மிக்ஸ் செய்தார். பழைய மிக்ஸில் ஒரு புகைமூட்டம் உண்டு, குரலும் டிரம்ஸும் தூரத்து மண்டபத்திலிருந்து வருவதுபோல. புதியதில் திரை விலகி, கார்னெல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பாடுகிறார். கேமரானின் கை எவ்வளவு நுட்பம் என்று புதியதில்தான் எனக்குத் தெரிந்தது. இருந்தும் ‘ரீச் டவுன்’ கேட்க நான் பழையதற்கே போகிறேன். கனவைச் சொல்லும் பாட்டுக்கு அந்தப் புகை வேண்டும். முதல்முறை கேட்பவர்கள் புதிய மிக்ஸில் தொடங்கலாம், சிரமம் குறைவு. எப்படிக் கேட்டாலும் சரி, சோலோ வரும்போது மட்டும் ஓட்டிவிடாதீர்கள்.

அந்த நவம்பரில் முதல்முறையாக இந்தக் குழு சுற்றுப்பயணம் போனது. பிலடெல்பியா பக்கத்தில் தொடங்கி நியூயார்க், சான்ஃபிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ் போய், சொந்த ஊர் சியாட்டிலில் முடித்தார்கள். வெடர் கலந்துகொள்ளவில்லை. மற்ற ஐவரும் வாசித்தார்கள். கார்னெலுக்கு வயது ஐம்பத்திரண்டு. வுட் பிறந்தது 1966-ல், அவர் இருந்திருந்தால் ஐம்பது.

ஆறு மாதம் கழித்து, 2017 மே 18-ந் தேதி, டெட்ராய்ட்டில் சவுண்ட்கார்டன் நிகழ்ச்சி முடிந்த இரவில் கிறிஸ் கார்னெல் இறந்தார். அன்று செய்தி வந்ததும் என்னால் ‘சே ஹலோ டு ஹெவன்’ போட முடியவில்லை. பல வாரம் அந்தப் பாட்டின் பக்கமே போகவில்லை. பிறகு ஒருநாள் போட்டேன். நண்பனுக்காக அவர் எழுதிய ‘நீ’ இப்போது அவரையே பார்த்துத் திரும்பியிருந்தது. இதை எப்படிக் கேட்பது என்று இன்னமும் எனக்குப் பழகவில்லை.

2019 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் ஃபோரம் அரங்கில் அவர் நினைவாக ஒரு நிகழ்ச்சி நடந்தது. கோசார்ட், அமென்ட், மெக்ரெடி, கேமரான் நால்வரும் இந்த ஆல்பத்தின் பாட்டுகளுக்காக மேடையேறினார்கள். ‘சே ஹலோ டு ஹெவன்’ வாசித்தார்கள். நடுவில் இருந்த மைக்குக்கு வேறு ஒருவர் வந்து பாடினார்.